ழகூம் சபையின் உபதேசியார்

பத்து வயதில், வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் போட்டு, கையில் எரிகிற மெழுகுதிரியோடு, கோவில் நிறைய நின்ற சனங்களுக்கு முன்னால், பசாசை, அதாவது சாத்தானை, கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன் என்று உரத்த குரலில் வாக்குக் கொடுத்தவன் நான். விட்டுவிடுகிறேன் என்று சொல்லவேண்டிய இடம் அது. வாய் தவறிவிட்டது என்று சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் அந்த வாய் அப்படித் தவறுவதற்கு இரண்டு மாதம் ஒத்திகை பார்த்திருந்தேன்.

இத்தனை வருசம் இதை வெளியே சொன்னதில்லை. சர்க்கரை எவ்வளவு, மூட்டில் வலி எப்படி என்று நாம் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளும் வயதுக்கு வந்தாயிற்று. இனிமேல் மானம் போய் என்ன, இருந்து என்ன. இப்போது சொல்லக் காரணம் என் மகள். போன மாதம் பக்கத்து அறையில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நாலு ஊர்களில் இருக்கும் நாலு சிநேகிதர்களோடு கம்ப்யூட்டரில் விளையாடிக்கொண்டிருந்தாள். ஒருத்தி கதையை நடத்திக்கொண்டு போக, மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு வேடம் கட்டிப் பேசுகிற விளையாட்டு. பாதாளத்தில் ஒரு அரக்கர் தலைவன், அவனைக் கும்பிடும் ரகசியக் கூட்டம், அதை ஒழிக்கக் கிளம்பிய வீரர்கள். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தக் கூட்டத்துக்குச் செயலாளர் யாரு?" என்று கேட்டுவிட்டேன்.

மகள் மைக்கைக் கையால் பொத்தினாள். "அப்பா, இது கல்ட். பஞ்சாயத்து ஆபீஸ் இல்ல."

அவளுக்கு என்ன தெரியும். நாங்கள் தூத்துக்குடியில் நடத்திய கல்ட்டுக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்று பேரும் இருந்தார்கள். கூட்ட அறிக்கை எழுத நாற்பது பக்க நோட்டும் இருந்தது.

அதே மாதிரி விளையாட்டுப் பெட்டி ஒன்றை எங்களுக்குக் கொண்டுவந்தது கப்பலில் வேலை பார்த்த பெரியப்பா. ஏதோ ஒரு துறைமுகத்தில் வேலை முடிந்து இறங்கிய வெள்ளைக்கார அதிகாரி ஒருவன் தன் அறையில் விட்டுப்போன பொருள். தாயம் மாதிரி ஏதோ என்று நினைத்து, சோப்பு, செண்ட் பாட்டில், டார்ச் லைட் இவற்றோடு அதையும் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். அட்டைப் பெட்டியின் ஒரு மூலை தண்ணீர் பட்டு உப்பியிருந்தது. திறந்தால் கப்பல் வாசனை வரும். டீசலும் ஈரக் கம்பளியும் சேர்ந்த ஒரு வாசனை. உள்ளே இரண்டு ஆங்கிலப் புத்தகம், ஆறு பகடை. பகடை என்றால் நாம் அறிந்த பகடை இல்லை. ஒன்றுக்கு நாலு முகம், ஒன்றுக்கு எட்டு, ஒன்றுக்கு இருபது. இருபது முகக்காரன் பச்சை நிறத்தில், கண்ணாடி மாதிரி, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஒரு சின்னக் கடல் தெரியும்.

பெரியப்பா மறுபடி கப்பலேறிப் போய்விட்டார். பெட்டி அக்கா கைக்கு வந்தது. அக்கா என்றால் பெரியம்மா மகள். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு வேலைவெட்டி இல்லாமல் இருந்தாள். ஒரு அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பத்தே நாளில் இரண்டு புத்தகத்தையும் கரைத்துக் குடித்தாள். கரைந்ததில் பாதி வேறு எதுவாகவோ ஆகியிருந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

புத்தகத்தில் அரக்கர் தலைவனின் பெயர் Z, H என்ற இரண்டு எழுத்தில் தொடங்கியது. ZH வந்தால் ழ என்பது நமக்கெல்லாம் தெரிந்த விசயம். கோழிக்கோட்டுக்குப் போகிற ரயிலில் அப்படித்தான் எழுதியிருக்கும். எனவே அவன் பெயர் ழகூம். தமிழில் எந்தச் சொல்லும் ழ என்ற எழுத்தில் தொடங்காது என்று அக்காவுக்கு இலக்கணத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "அப்பவே தெரியலையா? மனுசன் பேரா இருந்தா ழ-வுல தொடங்குமாலே? இது பேய்தான்" என்றாள். அந்தத் தர்க்கத்தில் இன்றுவரை என்னால் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கள் ஊர் நாக்குக்கு ழ சரியாக வராது என்பதால் கூப்பிடும்போது ளகூம் ஆகிவிடுவான். அதற்கு அவன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அடுத்தது கல்ட் என்ற சொல். அகராதி அதற்கு நாலைந்து பொருள் கொடுத்திருந்தது. அவற்றில் அக்காவுக்குப் புரிந்த ஒரே பொருள் சபை. எங்கள் கோவிலில் சபை என்றால் ஒரே அர்த்தம்தான்: ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் பெஞ்சைத் திருப்பிப் போட்டு உட்காருவார்கள், போன கூட்டத்து அறிக்கை வாசிப்பார்கள், ஏற்றுக்கொள்வார்கள், டீ குடிப்பார்கள். ஆகவே ழகூம் சபையும் அப்படியே நடந்தது. அக்காவின் முத்துமுத்தான கையெழுத்தில் அந்த நோட்டில் இருந்த ஒரு பக்கம் எனக்கு இன்னும் மனப்பாடம். "கடந்த கூட்ட அறிக்கை வாசிக்கப்பட்டு ஒருமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. வரும் அமாவாசை அன்று இளவரசியைப் பலியிடுவது எனத் தீர்மானிக்கப்பட்டது. தலையில்லாத பூதம் வராததற்குக் காரணம் தெரிவித்திருந்தது. ஜெபத்துடன் கூட்டம் இனிதே முடிந்தது."

விளையாடிய இடம், பழைய துறைமுகத்துப் பக்கம் பாதி கட்டி நின்ற ஒரு தோணியின் வயிறு. தோணி என்றால் சின்னப் படகு இல்லை, சரக்கேற்றிக் கடல் தாண்டுகிற பெரிய மரக்கலம். விலா எலும்புகள் மாதிரி வங்குக்கால்கள் இரண்டு பக்கமும் எழுந்து நிற்கும். இடுக்கில் வெயில் கோடுகோடாக விழும். புது மரச்சீவல் வாசனை, சுறா எண்ணெய் நாற்றம், எங்கோ கருவாடு. பாதாளக் கோட்டைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் உலகத்தில் இல்லை. கட்டிக்கொண்டிருந்த ஓடாவி, அதாவது தோணித் தச்சர், மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் எங்களை உள்ளே விடுவார். "ஏலே, உளியத் தொட்டா கைய வெட்டிருவேன்" என்பதுதான் அனுமதி.

ஆடியவர்கள் மொத்தம் மூன்று பேர். கதை நடத்துகிறவள் அக்கா. வீரன், தெருமுனைப் பலசரக்குக் கடை அண்ணாச்சியின் மகன். என் வகுப்புக்காரன், நல்ல தைரியசாலி, ஆனால் கடையில் வளர்ந்தவன். அக்கா குரலைத் தாழ்த்தி, "இருட்டுக்குள்ள இருந்து ஒரு பூதம் வருது. கையில கோடாலி. உன்னப் பாத்துட்டு. என்ன செய்யுதே?" என்று கேட்பாள். அவன் கொஞ்சமும் யோசிக்காமல், "வாங்க அண்ணாச்சின்னு சொல்லுதேன்" என்பான்.

"ஏலே, அது பூதம்லே!"

"பூதம்னா? வாசலுக்கு வந்தவுகள வான்னு சொல்லாண்டாமா?"

மூன்றாவது ஆள் நான். என் பாத்திரம் ஊமை மந்திரவாதி. விரலைக் காட்டினால் நெருப்பு வரும், பேச வேண்டியதில்லை. அக்கா அந்த வேடத்தை எனக்குக் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. எனக்குத் திக்குவாய்.

சாதாரணத் திக்குவாய் இல்லை. எல்லா எழுத்தையும் எப்படியோ தாண்டிவிடுவேன். ப என்ற எழுத்து மட்டும் பூட்டு. உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும், கண் படபடவென்று அடிக்கும், வலது கால் தானாகத் தரையைத் தட்டும், சொல் மட்டும் வராது. இந்து வீட்டிலோ முஸ்லிம் வீட்டிலோ பிறந்திருந்தால் ஒருவேளை சமாளித்திருப்பேன். எங்கள் மதத்தில் முக்கியமான எல்லாம் ப-வில் தொடங்கும். பிதா. பரிசுத்த ஆவி. பரலோகம். பூலோகம். பாவம். பூசை. புதுநன்மை. பசாசு. சிலுவை போடுவதற்குள் பக்கத்தில் இருப்பவர்கள் செபமாலையில் பாதியை முடித்துவிடுவார்கள். 'அருள் நிறைந்த மரியே' மட்டும் அ-வில் தொடங்குவதால் வழுக்கிக்கொண்டு போகும். இன்றும் எனக்கு மாதாவின் மேல் இருக்கும் தனிப் பாசத்துக்கு வேறு ஆழமான காரணம் எதுவும் இல்லை.

எங்கள் பக்கத்தில் எட்டு வயதில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை கொடுப்பார்கள். முதல் முறையாக நற்கருணை வாங்குகிற நாள், கலியாணம் மாதிரி நடக்கும். அதற்கு முன்னால், கோவிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிற உபதேசியாரிடம் செபங்களை ஒப்பிக்க வேண்டும். நான் இரண்டு வருசமும் 'பரலோக' என்பதில் ப-வைத் தாண்டவில்லை. உபதேசியார் இரண்டு வருசமும் "படிக்கலை. அடுத்த வருசம் பாப்போம்" என்று எழுதிவிட்டார். எட்டு வயதுக்கு அம்மா தைத்து வைத்த வெள்ளைக் கால்சட்டையை இரண்டு தடவை மடிப்புப் பிரித்து நீளமாக்கியதில் முழங்காலுக்குக் கீழே இரண்டு கோடு, மரத்தின் வயதுக் கோடு மாதிரி விழுந்திருந்தது. அம்மா நாக்கில் வசம்பு தேய்த்தாள். தேன் தடவினாள். கூழாங்கல்லை வாயில் போட்டு, விழுங்கிவிடுவேனோ என்று பயந்து அவளே எடுத்தாள். பேச்சு வந்தால் வெள்ளியில் நாக்கு செய்து மாதாவுக்குப் போடுவதாக நேர்ந்துகொண்டாள். இந்த வருசமும் தள்ளிப்போனால் என்னைச் சேர்த்துக்கொள்ளவே மாட்டார்கள், தம்பி தங்கை வயதுப் பிள்ளைகளெல்லாம் நன்மை வாங்க நான் கடைசிப் பெஞ்சிலேயே மீசை முளைக்க உட்கார்ந்திருப்பேன் என்பதுதான் அவளுடைய அன்றாடத் துக்கம். எனக்கும் அதுதான். அவள் அதை அழுது சொல்வாள், என்னால் சொல்லவும் முடியாது.

உபதேசியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒடிசலான ஆள். மழையில்லாத ஊரில் எப்போதும் குடை வைத்திருப்பார். பேச்சு மூக்கிலிருந்து வரும், ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் ரப்பர் மாதிரி இழுப்பார். "பிஇஇள்ளைகளே, பாஆஆவம் என்றால் என்ன?" என்பார். ஊரில் அவரைப் போலப் பேசிக் காட்டாத பையன் கிடையாது. அது அவருடைய பெருமை, பக்தி, அலட்டல் என்று பெரியவர்களும் நினைத்தார்கள்.

மே மாதத் தொடக்கத்தில் அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ழகூம் சபையின் பெருங்கூட்டம் அன்றைக்குத்தான். சபையில் சேர வருகிறவனிடம் உறுதிமொழி வாங்க வேண்டும். அந்த உறுதிமொழியை அமைத்துக் கொடுத்தவன் கடைக்காரன் மகன். ஒவ்வொரு வருசமும் திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்க்கிறவன் அவன். "சூரனக் கொன்னா போட்டாரு முருகன்? சேவலாக்கிக் கொடியில வச்சிக்கிட்டாரு, மயிலாக்கி ஏறிக்கிட்டாரு. ஒங்க ஆளுகதான் எதயும் விட்ருதேன் விட்ருதேன்னு சொல்லுதீக. எங்க ஆளு வச்சிக்கிடுவாரு" என்றான். அக்காவுக்கு அது பிடித்துப்போனது. கோவிலில் ஞானஸ்நான வாக்குறுதி புதுப்பிக்கும்போது சாமியார் "பசாசை விட்டுவிடுகிறீர்களா" என்று கேட்பார், நாம் விட்டுவிடுகிறேன் என்போம். இங்கே "ழகூமை விட்டுவிடுகிறாயா?" என்று கேட்டால், "பிடித்துக்கொள்கிறேன்" என்று சொல்ல வேண்டும். எதிர்ச்சபை, எதிர்ப்பதில்.

அக்கா தொண்டையைப் பிடித்துக்கொண்டு கரகரத்தாள். "என்னால முடியல. நீ சபையோட உபதேசியாரா இரி. அவரு மாதிரியே பேசு."

நான் தலையை ஆட்டி மறுத்தேன்.

"நீ பேசாண்டாம்லே. அவரு பேசட்டும்."

அது என்ன வாக்கியமோ தெரியவில்லை, எனக்குள் ஒரு கதவு திறந்தது. மூக்கை இறுக்கினேன். குடை பிடிப்பது போலக் கையை வைத்துக்கொண்டேன். "பிஇஇள்ளைகளே" என்றேன்.

வந்துவிட்டது. பூட்டு இல்லை, கண் அடிக்கவில்லை, கால் தட்டவில்லை. தோணியின் வயிறு அதைப் பிடித்துப் பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தது. கடைக்காரன் மகன் வாயைப் பிளந்தான். மேலே சுத்தியல் சத்தம் நின்றது. ஓடாவி பீடியை அவசரமாக அணைத்துவிட்டு விளிம்பில் தலையை நீட்டினார்.

"உபதேசியார் எப்பம் வந்தாரு?"

அன்றையிலிருந்து எனக்கு வெறி. ஊமை மந்திரவாதியை அன்றைக்கே கொன்றுவிட்டேன். தினமும் மத்தியானம் ப-வில் தொடங்கும் சொற்களாகத் தேடிப் பிடித்துப் பிரசங்கம் செய்வேன். பாதாளம், பலி, பூதம், பழி, பேரழிவு. அக்கா கேள்வி கேட்க, நான் "பிஇடித்துக்கொள்கிறேன்" என்று முழங்க, கடைக்காரன் மகன் எந்தப் பக்கம் என்பதையே மறந்து கூடவே முழங்குவான். அந்த ஆரவாரத்தில்தான் ஒருநாள் பச்சைப் பகடை உருண்டு, வங்குக்காலுக்கும் உள்பலகைக்கும் நடுவில் விழுந்துவிட்டது. ஓடாவி பலகையைப் பிரிக்க மறுத்துவிட்டார். தேக்குத் துண்டில் அவரே ஒன்று செதுக்கித் தந்தார். எப்படிப் போட்டாலும் பதினாலுதான் விழும். அசல் பகடையோடேயே தோணியைக் கடலில் இறக்கினார்கள். வெங்காயமும் கருங்கல்லும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய்வந்த அந்தத் தோணி ஒவ்வொரு அலையிலும் உள்ளுக்குள் ஒரு எண்ணைப் போட்டுக்கொண்டே போயிருக்கும். யாரும் பார்க்காத எண்.

புதுநன்மைக்கு முந்திய வாரம் செபம் ஒப்பிக்கும் பரீட்சை வந்தது. உபதேசியார் மேசைக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம். வாசலில் அக்கா. "ம்ம், சொல்லு" என்றார். உதடு ஒட்டியது. கால் தட்ட ஆரம்பித்தது. அக்கா வாசலிலிருந்து மூக்கைத் தொட்டுக் காட்டினாள்.

வேறு வழி இல்லை. உபதேசியாருக்கு எதிரிலேயே, உபதேசியாரின் குரலில், "பஅஅரலோகத்திலே இருக்கிற" என்று இழுத்துத் தொடங்கி, ஒரே மூச்சில் கடைசிவரை ஒப்பித்துவிட்டேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. திறந்து பார்த்தால், அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபமில்லை. வேறு ஏதோ, அந்த வயதில் எனக்குப் படிக்கத் தெரியாத ஒன்று.

"யாஆர்ட்ட பஅஅடிச்சே, இப்பிடிச் சொல்ல?"

"உங்ககிட்டதான்" என்றேன். உ-வில் எனக்கு எப்போதும் சிக்கல் இல்லை.

பேனாவை எடுத்துப் பெயருக்கு நேரே, தேறினான் என்று ஒரு கோடு போட்டார். அம்மா அன்றைக்குச் சாயங்காலமே ஆசாரியிடம் வெள்ளி நாக்குக்குச் சொல்லிவைத்தாள். அவர் அடித்துக் கொடுத்தது பார்க்க வெற்றிலை மாதிரி இருந்தது. மாதாவுக்குப் புரியும் என்று வாங்கிக்கொண்டாள்.

புதுநன்மை அன்று காலை கோவில் நிறைந்திருந்தது. மல்லிகை, மெழுகு, புதுத்துணியின் கஞ்சி வாசனை. நான் வரிசையில் கடைசி ஆள், மற்றவர்களைவிட ஒரு சாண் உயரம், கால்சட்டையில் இரண்டு கோடு. அப்பா துறைமுகத்தில் முறை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். கடைசிப் பெஞ்சில் விபூதியோடு கடைக்காரன் மகன், பிறகு வெட்டப்போகும் கேக்குக்காக உட்கார்ந்திருந்தான். சாமியார் பீடத்திலிருந்து இறங்கிவந்து எங்கள் முன்னால் நின்றார். பசாசை விட்டுவிடுகிறீர்களா என்று கேட்டார்.

மற்ற பிள்ளைகள் வாய்க்குள்ளேயே முனகினார்கள். நான் பேச்சு வந்த புதுப் பணக்காரன். இரண்டு மாதத்துப் பழக்கம் முந்திக்கொண்டது. மூக்கு தானாக இறுகியது.

"பிஇஇடித்துக்கொள்கிறேன்!"

கோவிலின் உயரமான கூரை, தோணியைவிடச் சிறப்பாக அதை எதிரொலித்தது. இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சனங்கள் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. குரலுக்குச் சொந்தக்காரர் யார் என்பது ஊருக்கே தெரியும். அத்தனை தலையும் ஒன்றாகத் திரும்பி, இரண்டாவது தூண் பக்கத்தில் குடையோடு நின்ற உபதேசியாரைப் பார்த்தன.

அவர் முகம் வெளுத்துச் சிவந்து மறுபடி வெளுத்தது. சாமியார் இரண்டு விநாடி தரையைப் பார்த்தார். தோள் குலுங்கியது, இருமல் என்று அன்றைக்கு நம்பினேன். "இன்னொரு தடவ கேக்கேன். எல்லாரும் யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை, தலையை மட்டும் பலமாக ஆட்டினேன். பூசை தொடர்ந்தது. நன்மையும் கிடைத்தது. நாக்கில் ஒட்டிய அப்பம் கரைவதற்குள் உண்மை எனக்கு உறைத்துவிட்டது: இதை உபதேசியார் விடமாட்டார்.

விடவில்லை. மத்தியானம் வீட்டில் கேக் வெட்டி முடித்த நேரத்தில் குடை வந்து வாசலில் நின்றது. அப்பா வேலைக்குத் திரும்பியிருந்தார். அம்மா, பெரியம்மா, அக்கா, நான். அக்காவை எவரும் கேட்கவில்லை. அவளே உள்ளே போய்ப் பெட்டியையும் நோட்டையும் எடுத்துவந்து மேசையில் வைத்தாள். "நாந்தான் சொல்லிக்கொடுத்தேன். அவன் மேல குத்தமில்ல."

உபதேசியார் பெட்டியின் மேலட்டையில் இருந்த கொம்பு வைத்த உருவத்தைப் பார்த்தார். நோட்டைப் புரட்டினார். இளவரசியைப் பலியிடும் தீர்மானத்தில் விரல் நின்றது. அடுத்த பக்கத்தில் "சபை உபதேசியார்: தம்பி" என்று எழுதியிருந்தது.

"எஅஅரிக்கணும்" என்றார். "இவன் வாங்கின நன்மை செஎஎல்லாது. சாமியார்ட்ட சொல்லுதேன். அடுத்த வருசம் மறுபடி பஅஅடிக்கட்டும்."

பெரியம்மா ஆமா ஆமா என்று தலையாட்டித் தீப்பெட்டியைத் தேடினாள். அப்போதுதான் அம்மா எழுந்தாள். எங்கள் அம்மா கோவிலில் சத்தமாக இருமக்கூட மாட்டாள். மீன்காரியிடம் பேரம் பேசக்கூட அக்காவைத்தான் அனுப்புவாள்.

"ஏழெட்டு வருசமா மாதாட்ட கேட்டேன் உபதேசியாரே. தேனக் குடுத்தேன், வசம்பக் குடுத்தேன், முட்டி தேய முழந்தாள் போட்டேன். எம்பிள்ள இன்னைக்குத்தான் ஊரு கேக்கப் பேசியிருக்கான். என்ன பேசுனான்னு நீங்க பாக்கீக. பேசுனான்லா, அத நான் பாக்கேன். இத அந்தப் பேய்தான் தந்ததுன்னா, அந்தப் பேய்க்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்துவேன். நீங்க போய்ச் சாமியார்ட்டச் சொல்லுங்க."

பெரியம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். உபதேசியார் குடையைத் தரையில் ஓங்கி ஊன்றினார். இத்தனை வருசத்தில் அவர் நிதானம் இழந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். இழுக்காமல், மூக்கில் இல்லாமல், சொந்தக் குரலில் பேச வாயைத் திறந்தார்.

"ப... ப... ப..."

உதடு ஒட்டிக்கொண்டது. கண் படபடவென்று அடித்தது. வலது கால் தரையைத் தட்டியது.

பெரியம்மாவும் அக்காவும் கோபத்தில் வார்த்தை வரவில்லை என்று நினைத்திருப்பார்கள். எனக்கு மட்டும் தெரிந்தது. அந்த வீட்டில் அந்த நோயின் முழு விவரமும் அறிந்தவன் நான் ஒருவன்தான். அந்த ரப்பர் இழுப்பு, அந்த மூக்கு, ஊரே கேலி செய்த அந்த ராகம், பெருமையும் இல்லை, பக்தியும் இல்லை. அது அவர் கட்டிவைத்த பாலம். அதில் ஏறி நடந்துதான் நாற்பது வருசம் ஊருக்குச் செபம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நான் அவர் குரலைத் திருடிப் பேசினேன் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அவருடைய மருந்தைத் திருடியிருந்தேன்.

"ப... ப..."

எனக்குப் பார்க்கத் தாங்கவில்லை. யோசித்துச் செய்ததில்லை. தோணிக்குள் கூட்டமாக முழங்கிப் பழகிய வாய், தானாகச் சேர்ந்துகொண்டது. அவருடைய இழுப்பிலேயே, மெதுவாக, "பிஇஇள்ளை" என்றேன்.

அவர் அதைப் பிடித்துக்கொண்டார். "பிஇஇள்ளை" என்று என்னோடு சேர்ந்து வந்தது. கண் அடிப்பது நின்றது. என்னைப் பார்த்தார். மேசை மேல் விரிந்து கிடந்த நோட்டைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் மிச்சம் வந்தது.

"பிஇள்ளை... பேஎசட்டும்."

அவர் சொல்ல வந்தது வேறு. 'பிள்ளையக் கெடுத்துட்டீங்க' என்பதாகத்தான் இருந்திருக்கும். வந்தது இது. சொல்லி முடித்ததும் அதையே சொல்ல வந்தவர் போலத் தலையசைத்துவிட்டு, அம்மா நீட்டிய கேக்கைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு, நோட்டை அக்குளில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பெட்டியைத் தொடவில்லை. சாமியாரிடம் எதையும் சொல்லவும் இல்லை. மூன்று வாரம் கழித்துக் கோவில் பலகையில், ஞாயிறு முதல் வாசகம் வாசிப்பவர் என்று என் பெயர் தொங்கியது. அவர் கையெழுத்து. நான் மேடையேறியபோது அவர் இரண்டாவது தூணுக்குப் பக்கத்தில் நின்று, உதட்டை அசைத்து, ஒவ்வொரு சொல்லையும் என்னோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

நாங்கள் இதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. திக்குவாயர் இருவர் சந்தித்தால் பேசாமல் இருப்பதுதான் மரியாதை என்று அப்போது நினைத்தேன். அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப காலம் ஆகிறது. நன்றி சொல்லியிருக்க வேண்டும். ந-வில் தொடங்குகிற சொல், எனக்கு அதில் எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் சொல்லவில்லை. நோட்டு திரும்பி வரவில்லை. பெட்டியைக் கரையான் தின்றது. ழகூமை யாரும் கொல்லவில்லை. கடைக்காரன் மகன் கடைசி ஆட்டத்தில் அவனை ஒரு திருக்கை மீனாக்கி, கடலடியில் சிப்பி விளைகிற முத்துப்பாருக்குக் காவல் வைத்துவிட்டான். இப்போதும் அங்கேதான் வேலை பார்ப்பான்.

உபதேசியாருக்குச் சொல்லாததை அக்காவுக்காவது சொல்லிவிடலாம் என்று இதை எழுதி முடித்ததும் போன் போட்டேன். துறைமுகத்துச் சரக்கு அலுவலகம் ஒன்றில் வேலைபார்த்து ஓய்வுபெற்று, ஊரில்தான் இருக்கிறாள். முக்கால் மணி நேரம் முழுசாக வாசித்துக் காட்டினேன். இடையில் குக்கர் நாலு தடவை கூவியது. முடித்துவிட்டு, "எக்கா, நீ மட்டும் அன்னைக்கு என் வாயத் திறந்துவிடலைன்னா..." என்றேன்.

"திறக்கத்தாம்லே எனக்குத் தெரிஞ்சிது" என்றாள் அக்கா. "மூடவும் தெரிஞ்சிருந்தா உன் பெண்டாட்டி எனக்குக் கோவில் கட்டியிருப்பா."